அம்புக்கும் கண் உண்டு

ஆசிரியர் அவர்கட்கு,

பகிடிவதையில் ஒரு மாணவன் ஆஸ்பத்திரிக்குப் போனால், பாடசாலையில் ஒரு பிள்ளையின் செவிப்பறை கிழிந்தால், பொலிஸ் கூண்டுக்குள் ஒருவர் இறந்தால், அடுத்த நாட்களில் இந்தப் பக்கத்துக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வருகின்றன. ஒன்று, “மனச்சாட்சி இல்லாத பிறவிகள்” என்று செய்தவரைத் திட்டுவது. மற்றது, “எய்தவன் இருக்க அம்பை நோவானேன்” என்று செய்தவரை விட்டுவிட்டு மேலே கை காட்டுவது. முதல் வகைக் கடிதத்தை எழுதுபவர், அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று நம்புகிறார். இரண்டாவதை எழுதுபவர் மனிதரை மூங்கில் குச்சியாக நினைக்கிறார். உளவளத்துணை கற்பிக்கிறவர்கள் என்ற முறையில், இரண்டும் பிழை என்பதை விளக்கவே எழுதுகிறோம்.

கீழ்ப்படிதல் எப்படி நடக்கிறது என்பதை அளந்து பார்த்தவர் ஸ்டான்லி மில்கிராம். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். ஞாபகசக்தி பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை, ஒரு மணித்தியாலத்துக்கு 4 டொலர், போக்குவரத்துக்கு 50 சதம் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார். வந்தவர்கள் 20 முதல் 50 வயது வரையான ஆண்கள். தபால் எழுதுநர், ஆசிரியர், விற்பனையாளர், பொறியியலாளர், கூலித் தொழிலாளி என்று எல்லாத் தரத்தாரும் இருந்தார்கள்.

வந்தவரையும் இன்னொருவரையும் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒருவர் ‘ஆசிரியர்’, மற்றவர் ‘மாணவர்’. உண்மையில் இரண்டு சீட்டிலும் ‘ஆசிரியர்’ என்றே எழுதியிருந்தது. ‘மாணவர்’ ஆனவர் ஆய்வாளரின் ஆள், 47 வயதுக் கணக்காளர். அவரைப் பக்கத்து அறையில் கதிரையோடு வாரால் கட்டினார்கள். கையில் மின்முனை பொருத்தி, தோல் கொப்பளிக்காமல் இருக்கப் பசை பூசினார்கள். ‘ஆசிரியருக்கும்’ மாதிரிக்கு 45 வோல்ட் ஒருமுறை கொடுத்துக் காட்டினார்கள். அங்கே யார் உடம்பிலும் பாய்ந்த உண்மையான மின்சாரம் அது ஒன்றுதான்.

அவருக்கு முன்னால் ஒரு பெட்டி. அதில் வரிசையாக 30 சுவிட்ச். முதலாவது 15 வோல்ட், ஒவ்வொன்றும் 15 ஆகக் கூடிக் கடைசி 450. சுவிட்சுகளுக்குக் கீழே ‘இலேசான அதிர்ச்சி’ என்று தொடங்கி ‘ஆபத்து: கடும் அதிர்ச்சி’ வரை எழுத்து. கடைசி இரண்டுக்கும் சொல்லே இல்லை, மூன்று பெருக்கல் குறி மட்டும். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், இரைச்சல் கேட்கும், நீல விளக்கு மின்னும், மானியின் முள் வலப்பக்கம் ஆடும். மாணவர் விடையைப் பிழையாகச் சொன்னால் ஒரு சுவிட்ச், அடுத்த பிழைக்கு அடுத்த சுவிட்ச். விடை சொல்லாமல் இருந்தால் அதுவும் பிழை. 300 வோல்ட்டில் சுவரில் குத்தும் சத்தம் கேட்டது. 315க்குப் பிறகும் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

நாற்பது பேரில் 300க்கு முன் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. 5 பேர் 300உடன் நிறுத்தினார்கள், 9 பேர் அதற்குச் சற்று மேலே நிறுத்தினார்கள், 26 பேர் 450 வரை போனார்கள். இப்படியொரு சோதனையில் எத்தனை பேர் கடைசிவரை போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் கேட்டிருந்தார் மில்கிராம். ஆயிரத்தில் ஒருவர் என்பது அவர்களுடைய கணிப்பு.

சுவிட்சை அழுத்தியவர்கள் இரசித்துச் செய்யவில்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், வாய் திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், நகத்தால் சொந்தத் தோலைக் கிள்ளினார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது. “மனச்சாட்சி இல்லாத பிறவி” என்ற வசை இந்த இடத்தில்தான் அடிபட்டுப் போகிறது. மனச்சாட்சி இருந்தது. அது உடம்பெல்லாம் வியர்வையாக வழிந்தது. கை மட்டும் அடுத்த சுவிட்சுக்குப் போனது.

அவர்களை யாரும் மிரட்டவில்லை. சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். தயங்கினால் சொல்ல அவரிடம் நான்கு வாக்கியங்கள் இருந்தன: “தயவுசெய்து தொடருங்கள்”, “நீங்கள் தொடர்வது ஆய்வுக்குத் தேவை”, “தொடர்வது மிக அவசியம்”, “உங்களுக்கு வேறு வழியில்லை, தொடரத்தான் வேண்டும்”. காசு கூட, வந்ததற்காகவே அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. நிறுத்தினாலும் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லப்பட்டிருந்தது.

இந்த ஆய்வை எடுத்துச் சொன்னால், “அது வெள்ளைக்காரன் கதை, அதுவும் அறுபது வருசத்துக்கு முந்தியது” என்று தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. 2017இல் வெளியான போலந்து ஆய்வில், 10 பொத்தான் வைத்துச் சோதித்தபோது 80 பேரில் 72 பேர் பத்தாவது பொத்தான் வரை போனார்கள். மில்கிராமே பெண்களை வைத்துச் செய்தபோதும் எண்ணிக்கை மாறவில்லை, நாற்பதில் 26. அதேநேரம் அந்த ஆய்வில் ஓட்டைகளும் உண்டு. பிற்காலத்தில் ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்கள், மேலங்கிக்காரர் நான்கு வாக்கியத்தோடு நிற்காமல் பல தடவை மேலும் வற்புறுத்தினார் என்பதையும், வந்தவர்களில் சிலர் இது நடிப்பு என்று சந்தேகித்தார்கள் என்பதையும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 26 என்ற எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். எதை மாற்றினால் அந்த எண் ஏறியது, எதை மாற்றினால் விழுந்தது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

மாணவரை அதே அறைக்குள் கொண்டுவந்தபோது கடைசிவரை போனவர்கள் 16 பேராகக் குறைந்தார்கள். மாணவரின் கையைத் தானே பிடித்துத் தகட்டில் அமர்த்த வேண்டும் என்றபோது 12. மேலங்கிக்காரர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவு தந்தபோது 9. அப்போது சிலர், வோல்ட்டைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று தொலைபேசியில் பொய் சொல்லிவிட்டு, மிகக் குறைந்த சுவிட்சையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். நேரே மறுக்கத் துணிவு வராதவருக்கும் அடுத்தவரை நோகடிக்க மனமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பக்கத்தில் இருந்த இரண்டு சக ‘ஆசிரியர்கள்’ எழும்பி, இனி எங்களால் முடியாது என்று சொன்னபோது கடைசிவரை போனவர்கள் நாற்பதில் 4 பேர்தான். மேலங்கிக்காரர் இருவர் தங்களுக்குள் முரண்பட்டபோது ஒருவருமே கடைசிவரை போகவில்லை.

எண்ணிக்கை உச்சத்துக்குப் போனது இன்னொரு மாற்றத்தில். சுவிட்சை வேறொருவர் அழுத்த, வந்தவர் கேள்வியை வாசித்து விடையைச் சரிபார்த்தால் மட்டும் போதும் என்றபோது, நாற்பதில் 37 பேர் கடைசிவரை இருந்தார்கள்.

‘மட்டும்’ என்ற இந்தச் சொல்லை நம் வாசகர்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1996இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மாணவியும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் தண்டனை பெற்ற இராணுவ லான்ஸ் கோப்ரல் ஒருவர், செம்மணியில் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்ட இடங்களைக் காட்ட முடியும் என்று நீதிமன்றத்தில் சொன்னார். கொண்டுவந்து தந்த உடல்களைப் புதைத்தோம், அவ்வளவுதான் என்பது அவருடைய வாதம். புதைத்தவர் கொல்லவில்லை, கொன்றவர் பிடிக்கவில்லை, பிடித்தவர் உத்தரவிடவில்லை, உத்தரவிட்டவர் அந்த இடத்துக்கே வரவில்லை. ஆளுக்கொரு ‘மட்டும்’.

சீருடை இல்லாத இடத்திலும் இதே சொல்தான். வெருகலில் வெள்ளம் வந்து நிவாரணப் பட்டியல் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஒரு தொலைபேசி வருகிறது, இன்ன வரிசைக் குடும்பங்களை விட்டுவிடச் சொல்லி. கிராம உத்தியோகத்தர் அந்தப் பெயர்களுக்கு எதிரே ஒரு குறி இடுகிறார். அபிவிருத்தி உத்தியோகத்தர் குறியிட்ட பெயர்களைத் தனித்தாளில் எடுக்கிறார். முகாமைத்துவ உதவியாளர் மிச்சத்தைத் தட்டச்சு செய்கிறார். மேலே இருப்பவர், கீழே எல்லாரும் பார்த்ததுதானே என்று கையெழுத்து வைக்கிறார். கூரை போன வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணின் பெயரை வெட்டியது யார் என்று கேட்டால் நால்வரில் ஒருவருமே இல்லை. நால்வரும் நல்லவர்களாக இருக்கலாம். அந்தப் பெண்ணை நேரில் கண்டால் தங்கள் கைக்காசைக் கொடுப்பவர்களாகவும் இருக்கலாம். தாளில் அவள் ஒரு வரிசை இலக்கம்.

நம் இலக்கியமே இதை அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்குப் பாண்டியனையும் பொற்கொல்லனையும் பட்டிமன்றம் பட்டிமன்றமாக ஏற்றி இறக்கிவிட்டோம். வெட்டப் போன காவலர்களை யாரும் விசாரிப்பதில்லை. கொலைக்களக் காதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். கோவலனின் முகத்தைக் கண்டதும் அந்தக் காவலர்கள், இவன் கொல்லப்பட வேண்டியவன் இல்லை என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வர் கைக்கொள்ளும் எட்டு உபாயங்களை அடுக்குகிறான். அந்தப் படிப்பாளிப் பேச்சில் அவர்கள் தளர்கிறார்கள். பிறகு ஒருவன், முன்பு தன் கைக்குத் தப்பிய கள்வனின் கதையைச் சொல்லி, இவர்கள் செய்தி அறிதற்கரியது, அரசனோ நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்கிறான். கேள்வி மாறிவிட்ட இடம் அது. இவன் குற்றவாளியா என்று தொடங்கிய பேச்சு, நமக்கு என்ன ஆகும் என்று முடிகிறது. அந்த இடைவெளியில், கல்லாத குடிகாரன் ஒருவனின் வாள் பாய்ந்துவிட்டது. சந்தேகப்பட்ட மற்றவர்கள் அவன் கையைப் பிடிக்கவில்லை. சந்தேகம் இருந்தது, பேச்சும் இருந்தது, மறுப்பு மட்டும் இல்லை.

மில்கிராமின் அறையிலும் இதே கோலம்தான். “இது சரியில்லை”, “அவருக்கு ஏதும் ஆகிவிட்டதா பாருங்கள்” என்று முறையிட்டபடியே பலர் அழுத்தினார்கள். முறைப்பாடு சொன்னதும் மனப்பாரம் கொஞ்சம் இறங்குகிறது. இறங்கிய பாரத்தோடு அடுத்த சுவிட்சை அழுத்த முடிகிறது. நம் அலுவலகங்களில், ஆசிரியர் அறைகளில், “எனக்கும் விருப்பமில்லைதான், என்ன செய்ய, சேர் சொன்னவர்” என்று தேநீர் நேரத்தில் சொல்லிக்கொள்வதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

நிறுத்தியவர்கள் எங்கே நிறுத்தினார்கள்? மாணவரின் குரல் கேட்கும்படி நடந்த ஆய்வில், 150 வோல்ட்டில் அவர் முதன்முறையாக, என்னை வெளியே விடுங்கள், இனி நான் பங்குபற்றமாட்டேன் என்கிறார். நிறுத்தியவர்களில் அதிகமானோர் நிறுத்தியது அந்தப் புள்ளியில்தான். அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை போனார்கள். 15க்கும் 30க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை, 285க்கும் 300க்கும் இடையிலும் இல்லை. இப்போது நிறுத்தினால், சற்று முன் செய்தது பிழை என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறிய ஒவ்வொரு படியும் இறங்குவதைக் கடினமாக்குகிறது.

பகிடிவதை இந்தப் படிக்கட்டை அப்படியே வைத்துக் கட்டியது. முதல் நாள், பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்லச் சொல்வார்கள். யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. அடுத்தது, இன்ன நிறச் சேட்டுத்தான் போட வேண்டும். பிறகு கன்ரீனில் இன்ன மேசையில் இருக்கக் கூடாது, அண்ணாமாரைக் கண்டால் தலை குனிய வேண்டும். பிறகு முட்டுக்காலில் நிற்க வேண்டும். பிறகு இரவில் வாடகை அறைக்கு வர வேண்டும். இரவு அறையில் நடப்பதை முதல் நாளே கேட்டிருந்தால் எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். வதைக்கிற மாணவனும் இதே படிக்கட்டில் ஏறியவன்தான். அவனுக்கு மேலே ஒரு மூத்த அணி இருக்கிறது, “உன்ர பட்ச் பிள்ளையளை நீதான் பார்க்க வேணும்” என்று சொல்லி வைத்திருக்கிறது. ஒற்றுமைக்காக, பீடத்தின் பெயருக்காக என்று ஒரு நல்ல காரணமும் கையில் கொடுத்திருக்கிறது. இது முக்கியம். “உனக்கு வேறு வழியில்லை” என்ற வெறும் அதட்டல் பெரும்பாலும் எடுபடுவதில்லை. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அந்த நான்காவது வாக்கியம் வரை போனவர்களில் ஒருவரும் தொடரவில்லை. நல்ல நோக்கத்துக்காகச் செய்கிறோம் என்று நம்பவைக்கும் உத்தரவுதான் ஆபத்தானது.

சட்டம் இந்த விடயத்தில் தெளிவாக இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு 2 ஆண்டு வரையும், பாலியல் தொந்தரவு அல்லது கடுங்காயம் சேர்ந்தால் 10 ஆண்டு வரையும் சிறை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டம், மேலதிகாரியின் உத்தரவு என்பது எதிர்வாதம் ஆகாது என்று எழுத்திலேயே சொல்கிறது. ஆனால் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் நேரத்தில் யாரும் சட்டப் புத்தகம் புரட்டுவதில்லை. மறுப்பு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டிய ஒன்று.

பழகுவது எப்படி? முதலில் நிறுத்தும் இடத்தை, வேலைக்குள் இறங்க முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். புதிய மாணவருக்கு அது “என் உடம்பைத் தொட்டால்” என்பதாக இருக்கலாம், அலுவலருக்கு “நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துக் கேட்டால்” என்பதாக இருக்கலாம். ஒரு தாளில் எழுதி, ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். அந்த ஒருவர்தான் பாதிப் பலம். 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் ஊரில் யூதர்களைச் சுடும்படி நாஸி ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து ரிசேர்வ் பொலிஸ் அணிக்கு உத்தரவு வந்தபோது, முடியாதவர்கள் விலகலாம் என்று அவர்களுடைய மேஜரே சொன்னார். முதலில் ஒருவர் முன்னே வந்தார். கப்டன் அவரை ஏசத் தொடங்க, மேஜர் தடுத்தார். அதன் பிறகே பத்துப் பன்னிரண்டு பேர் அவருக்குப் பின்னால் வந்தார்கள். அணியில் இருந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர். வாய்ப்பைத் தந்தும் அப்போது மற்றவர்கள் அசையவில்லை. முதலாமவர் ஏச்சு வாங்கி ஒதுங்கியிருந்தால் அந்தப் பத்துப் பேரும் வந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

மறுக்கும்போது கையை முதலில் எடுக்க வேண்டும், காரணம் பிறகு. வாதாடத் தொடங்கினால் பொற்கொல்லனுக்கு எட்டு உபாயம் தெரியும். கோபத்தில் மறுப்பதும் பெரும்பாலும் பிசகிப் போகிறது. பேச்சு உத்தரவைவிட்டு மரியாதைக்குத் தாவிவிடும், மன்னிப்புக் கேட்டு முடிந்த பிறகு உத்தரவு அப்படியே மேசையில் இருக்கும். “சேர், உங்களில மரியாதை இருக்கு. இதை நான் செய்ய மாட்டன். தேவையெண்டால் எழுத்தில தாங்கோ” என்று, திகதி, பெயர், கையெழுத்தோடு கேட்பது நல்லது. எழுத்தில் தரும்படி கேட்டதும் பல உத்தரவுகள் குரலிழந்துவிடும்.

விலை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மறுத்த அலுவலரை நகரத்திலிருந்து கோமரங்கடவலவுக்கு மாற்றலாம், பதவியுயர்வு நிற்கலாம். துப்பாக்கி முனையில் நிற்பவரையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. போர்க்குற்றங்கள் பற்றி 1950இல் எழுத்தில் வகுக்கப்பட்ட நியூரம்பேர்க் கோட்பாடுகளும் உத்தரவைச் சாட்டுச் சொல்ல முடியாது என்று சொல்லும்போது, ஒருவருக்கு உண்மையில் தெரிவு இருந்ததா என்று பார்க்கின்றன. ஆனால் நாள்தோறும் நாம் பணிகிற உத்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் துப்பாக்கி இல்லை. “எனக்கேன் வீண் வில்லங்கம்” என்ற நினைப்புத்தான் இருக்கிறது.

வைத்தியசாலைகளுக்கு ஒரு குறிப்பு, ஏனென்றால் அங்கே தீர்வு மலிவானது. 1966இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன்பின் தெரியாத ‘வைத்தியர்’ ஒருவர் விடுதிக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். போத்தலில் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தது. தொலைபேசி உத்தரவே விதிக்கு மாறானது. 22 தாதியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் புறப்பட்டார்கள், வழியில் மறிக்கப்பட்டார்கள். போத்தலில் இருந்தது வெறும் குளுக்கோஸ். 1977இல் வேறொரு ஆய்வில், தாதியருக்குப் பழக்கமான மருந்தைப் பெயர் சொல்லி அதிக அளவில் கேட்டார்கள், சக தாதியரோடு கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. மருந்து பற்றிய சொந்த அறிவும் கேட்டுப் பார்க்க ஒரு தோழியும் இருந்தது போதுமாக இருந்தது.

விமானத் துறை இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27இல் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் விலகிவிட்டதா என்று, மேலெழப் புறப்பட்ட விமானத்தின் பொறியியலாளர் கேட்டார், தலைமை விமானி ஆம் என்று அடித்துச் சொன்னார், அவர் மறுபடி கேட்கவில்லை. அதன் பிறகு வந்த பயிற்சிகளில், கண்டதைச் சொல்வது, கவலையைச் சொல்வது, ‘பாதுகாப்பு, நிறுத்துங்கள்’ என்று சொல்வது எனப் படிப்படியாகக் குரலை உயர்த்தக் கீழே இருப்பவருக்குப் பழக்குகிறார்கள். மேலே இருப்பவருக்கு, அந்த மூன்றாவது சொல் வந்தால் நிறுத்தப் பழக்குகிறார்கள்.

எங்கள் மாவட்டத்து விடுதிகளிலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டலாம். பேசுகிற வைத்தியரின் பெயர், நோயாளியின் பெயரும் கட்டில் இலக்கமும், மருந்து, எத்தனை மில்லிகிராம், போத்தலில் எழுதியிருக்கும் உச்ச அளவு. கேட்டதை எழுதி, மறுமுனைக்குத் திருப்பி வாசித்து, பக்கத்தில் இருக்கும் இன்னொரு தாதியின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். ஐந்தாவது வரி வெறுமையாக இருந்தால் அலுமாரி திறக்கக் கூடாது. கல்லூரிகளில் புதிய அணி வரும் நாளில், விரிவுரைக்கு முன் ஒரு மணித்தியாலம் எடுத்து, மேலே சொன்ன படிக்கட்டைக் கரும்பலகையில் வரைந்து, நீங்கள் எந்தப் படியில் இறங்குவீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தாளில் எழுதவும், பக்கத்தில் இருப்பவரோடு அதை மாற்றி வாசிக்கவும் வைக்கலாம். மூத்த அணிக்கும் அதே நாளில், தனியறையில், இதே தாளைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உளவளத்துணை ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.